அக்காவிடம் கேள்வி கேட்ட கணினி

எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் என் வாய்தான். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் தடுமாறாமல் பேசுவேன். ஆறாம் படிவம் முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல், மலாக்காவில் சிம்பாங் அம்பாட் என்ற ஊரில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கடைக்குப் புடவை வாங்க வந்த நர்ஸ் ஒருவர்தான் சொன்னார். அவர் வேலை செய்த மருத்துவமனையில் ஏதோ ஆராய்ச்சி தொடங்கப் போகிறதாம். தமிழ் பேசும் நோயாளிகளிடம் கேள்வி கேட்டுக் கணினியில் பதிய ஒரு பெண் வேண்டுமாம். மறுநாள் காலையிலேயே போய் நின்றேன்.

ஆராய்ச்சியை நடத்தியவர் இதய மருத்துவர். யாழ்ப்பாணத் தமிழர் குடும்பம். வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். தமிழ் பேசுவார், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்.

“எஸ்டேட் ஆட்கள் பேசுகிற தமிழ் உங்களுக்கு நல்லாய் விளங்குமா?” என்று கேட்டார்.

“நானே எஸ்டேட்தான் டாக்டர்,” என்றேன்.

அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. “அப்ப சரி” என்று சொல்லி, அங்கேயே என்னைச் சேர்த்துக்கொண்டார்.

வெளிநோயாளிகள் பிரிவுக்குப் பக்கத்தில் சின்ன அறை. நோயாளிகள் காத்திருந்த கூடத்தில் காற்றாடி மட்டும்தான். எங்கள் அறையில் ஏர்கோன் உண்டு. அது எங்களுக்காகப் போட்டதில்லை, கணினி சூடாகிவிடக்கூடாதே என்பதற்காக. ‘செயற்கை அறிவு’ என்பதை முதல்முதலாக அந்த அறையில்தான் கேட்டேன். டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். அவர் படித்த நாட்டில் நெஞ்சு வலியோடு மருத்துவமனைக்கு வந்த ஏராளமானவர்களின் விவரங்களை அதற்குள் போட்டிருக்கிறார்கள். யாருக்கு எப்படி வலித்தது, யார் பிழைத்தார்கள், யாருக்கு வெறும் வாயு என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்து அது தானாகவே கற்றுக்கொண்டதாம். இப்போது புதிதாக ஓர் ஆள் வந்தால், சில கேள்விகள் கேட்டு, இவருக்கு மாரடைப்பு வரக்கூடுமா என்று சொல்லும்.

“ஒரு டாக்டருக்குப் பசிக்கும், நித்திரை வரும், கோபம் வரும். இதுக்கு ஒன்றும் வராது,” என்றார். அதைச் சொல்லும்போது அந்தப் பெட்டியின் தலையில் கையை வைத்திருந்தார்.

நான் நம்பினேன். நம்பாமல் இருக்க முடியவில்லை. சேர்ந்த புதிதில் ஒரு லோரி டிரைவர் வந்தார். வாலிப டாக்டர் ஒருவர் அவருக்கு வயிற்றுப் புண் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் அறைக்கு அனுப்பினார். நான் கேள்விகளைக் கேட்டுத் தட்டினேன். ‘ஆபத்து அதிகம்’ என்று திரையில் வந்தது. உடனே இ.சி.ஜி. எடுத்தார்கள். அன்றைக்கே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். பிறகு அவர் மனைவி ஒரு கட்டு ரம்புத்தான் பழத்தோடு வந்து, யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டர் அந்தப் பழத்தை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தார். அந்த வாரம் எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நான் பேசியதெல்லாம் அந்தக் கணினியைப் பற்றித்தான்.

அதிகம் கேட்டவள் என் அக்கா.

அம்மா நான் ஆரம்பப் பள்ளியில் இருக்கும்போதே போய்விட்டார். என்னை வளர்த்தது அக்காதான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். வாய் நீளம். அவளிடம் ஒரு சொல் கொடுத்துவிட்டு ஒன்பது சொல் வாங்காமல் எந்த பஸ் கண்டக்டரும் தப்பியதில்லை. அவள் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் எஸ்டேட் டிராக்டர் ஓட்டினார், அதிகம் பேசமாட்டார். இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகிறவர்கள். நானும் அவர்களோடுதான் இருந்தேன்.

அடுத்த வருஷம் அக்காவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அசதி. மதியம் வேலை முடிந்து வந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். பல் வலி என்று கிராம்பு வைத்து அடக்கிக்கொண்டிருந்தாள். எஸ்டேட் மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரெசரிடம் போனாள். அவர் வாயு என்று சொல்லி அந்த வெள்ளைத் தண்ணி மருந்தைக் கொடுத்தார். எங்கள் லயத்தில் யாருக்கு என்ன வந்தாலும் அந்த வெள்ளைத் தண்ணிதான்.

“எங்க ஆஸ்பத்திரிக்கு வாக்கா. டாக்டர் நல்லவரு. கம்ப்யூட்டர் வச்சுப் பாப்பாரு,” என்று நான் தினமும் நச்சரித்தேன்.

“உன் டப்பாகிட்ட ஜோசியம் கேக்கச் சொல்றியா? அது என்ன, எனக்கு மூணாவதும் பொட்டைப் புள்ளதான்னு சொல்லுமா?”

“வெளையாடாதக்கா.”

“சரி லா, வரேன். நீ மூஞ்சத் தூக்காத.”

வந்தாள். தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்தாள். அறைக்குள் நுழைந்ததும் ஏர்கோனுக்கு நேராக நின்று, “அடேயப்பா, நீ இங்கதான் வேலைங்கிற பேர்ல தூங்குறியா?” என்றாள். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆராய்ச்சியில் சேரச் சம்மதமா என்று கேட்டார். “என் தங்கச்சி சொன்னா சரிதான் டாக்டர்” என்று கையெழுத்துப் போட்டாள்.

சொந்தக்காரி என்பதால் டாக்டரே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் கேட்டேன், அக்கா பதில் சொன்னாள், அவர் சொன்னபடி நான் தட்டினேன். வயது. ஆணா பெண்ணா. சிகரெட் உண்டா. “உன் மாமாகிட்ட கேக்க வேண்டிய கேள்வி,” என்றாள் அக்கா. அப்புறம் முக்கியமான கேள்வி வந்தது. நெஞ்சில் வலி உண்டா, இல்லையா.

“வலின்னு சொல்ல முடியாது. ஒரு மாதிரி அடைக்குது. மேட்டுல ஏறினா நின்னு மூச்சு வாங்கணும் போல இருக்கு.”

நான் டாக்டரைப் பார்த்தேன். “அடைக்குதுன்னு சொல்றாங்க டாக்டர். என்ன போடுறது?”

“வலி இருக்கிறதா அம்மா?” என்று அவரே கேட்டார். “குத்துகிற மாதிரி, எரிகிற மாதிரி?”

“இல்ல டாக்டர். குத்தல, எரியல. அடைக்குது அவ்வளவுதான்.”

“அப்ப இல்லை என்றே போடுங்கள்.”

“ஆனா டாக்டர்…”

“நோயாளி சொன்னதை நாம மாற்றக்கூடாது. மாற்றினால் பிறகு ஆராய்ச்சிக்கு மதிப்பில்லை.”

இல்லை என்று போட்டேன். கணினிக்குள் இருந்த நிரல் செய்யப்பட்ட விதம் எப்படியென்றால், நெஞ்சு வலி இல்லை என்று போட்டுவிட்டால் அதற்குக் கீழே இருக்கும் கேள்விகள் வராது. கை வலிக்கிறதா, தாடை வலிக்கிறதா, வேர்க்கிறதா என்பதெல்லாம் வலி உள்ளவர்களுக்கு மட்டும். திரை நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவியது. ‘ஆபத்து குறைவு’ என்று பச்சை எழுத்தில் வந்தது.

இதில் என் மேல் பழி போட்டுக்கொள்வதற்காக நான் எழுத உட்காரவில்லை. பலர் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு “உன் தப்பு ஒண்ணும் இல்ல” என்றார்கள். என் தப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். யாருடைய தப்பு என்பதும் தெரியும்.

ஆராய்ச்சியின் முதல் வருஷம், கணினி என்ன சொன்னாலும் எல்லாருக்கும் இ.சி.ஜி. எடுப்பார்கள். இரண்டாம் வருஷம் அந்த விதியை மாற்றினார்கள். இ.சி.ஜி. இயந்திரம் ஒன்றுதான், வரிசையோ நீளம். அதனால், ‘ஆபத்து குறைவு’ என்று வந்தவர்களை இ.சி.ஜி. இல்லாமல் சாதாரண வரிசைக்கு அனுப்பி, எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்ப்பது. அக்கா வந்தது இரண்டாம் வருஷம்.

சாதாரண வரிசையில் உட்கார்ந்தாள். அங்கிருந்த டாக்டர் கணினி கொடுத்த தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. வாயு மாத்திரை எழுதினார்.

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தியா, உன் டப்பாவே சொல்லிடுச்சு, எனக்கு ஒண்ணும் இல்லையாம். டிரெசர் சொன்னதுதான்,” என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உம்பாய்க்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி மாமாவைப் படுத்தி எடுத்தாள். கடலோரக் கடையில் சுட்ட மீன் சாப்பிட வேண்டுமாம். மாமா யாரிடமோ கார் இரவல் வாங்கினார். கார் நிறுத்திய இடத்திலிருந்து கடைக்கு நடப்பதற்குள் அக்கா நின்றாள், கடலைப் பார்க்கிற மாதிரி. பிள்ளைகள் முன்னால் ஓடிவிட்டார்கள். நான் பக்கத்தில் போனேன். நெற்றி முழுக்க வேர்வை.

“என்னாக்கா?”

“ஒண்ணுமில்ல லா. காத்து நல்லா இருக்கு, கொஞ்சம் நிக்குறேன்.”

நானும் நின்றேன். ஒன்றும் இல்லை என்றுதானே மருத்துவமனையிலேயே சொல்லியிருக்கிறார்கள். பெரிய மீனாகப் பார்த்து அவளே எடுத்தாள். சம்பலைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள். சின்னவளுக்கு முள் எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம், ஒரு காலையில், வெட்டிக்கொண்டிருந்த மரத்தின் அடியில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த பெண்மணி, ஓய்வெடுக்கிறாள் போல என்று நினைத்துத் தன் வேலையைப் பார்த்திருக்கிறார். வாளியோடு திரும்பி வரும்போதுதான் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அவளை வெளியே கொண்டுவர வேறு வண்டி இல்லை. மாமாதான் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் பெட்டியில் அக்காவைக் கிடத்தி, இரண்டு பெண்கள் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். செம்மண் பாதையின் குண்டு குழியில் மெதுவாக ஓட்டுவதா வேகமாக ஓட்டுவதா என்று தெரியாமல் அவர் ஓட்டியதைப் பற்றி, பிறகு ஒரே ஒரு முறைதான் பேசினார். எஸ்டேட் ஆபீசிலிருந்து போன் வந்து, நான் மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். டிராக்டர் வாசலுக்குள் வந்தபோதே அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

காரியம் முடிந்த பிறகு டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் லயத்துக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் வந்தது அதுதான் முதல் தடவை. எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். மாமா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெரியவள் மைலோ கலக்கிக் கொண்டுவந்தாள். டாக்டரின் கண் சிவந்திருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். “மிகவும் வருத்தமாக இருக்கிறது” என்றார். மைலோவை ஒரு வாய் குடித்தார். பிறகு, “சில விஷயங்கள் கேட்கலாமா?” என்றார்.

எத்தனை நாளாக அசதி என்று கேட்டார். மூச்சு வாங்கியது எப்போது, படுத்தாலா நடந்தாலா என்று கேட்டார். மாமா குழந்தை மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

“தாடையில் வலி ஏதும் இருந்ததா?”

“தாடைன்னு இல்ல டாக்டர், பல்லு வலின்னு சொன்னா. கிராம்பு வச்சுக்கிட்டா. பல்லு டாக்டர்கிட்டயும் போனா, பல்லு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாராம்.”

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். பையிலிருந்த பேனாவை எடுத்து வேகமாக எழுதிக்கொண்டார். அப்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தேடிக்கொண்டிருந்த பொருள் கைக்கு அகப்பட்டால் வருமே, அந்த வெளிச்சம். அவர் எனக்குச் செய்த நல்லது பல உண்டு. அந்த முகத்தை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. சுவரில் அக்காவின் படம் மாலையோடு இருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“இதெல்லாம் கேட்டு என்னா டாக்டர் செய்வீங்க?” என்று மாமா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“கணினிக்குச் சொல்லிக் கொடுப்போம். இனிமேல் இப்படி ஒருவர் வந்தால் அது கண்டுபிடித்துவிடும்.”

“ஓ,” என்றார் மாமா.

நான் வேலையை விடவில்லை. விட்டிருந்தால் இந்தக் கதை கேட்க இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். அதோடு, அந்தக் கேள்வியை அவர்கள் மாற்றுகிறார்களா என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற வெறியும் இருந்தது. மாற்றினார்கள். டாக்டர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, எஸ்டேட்டில் நெஞ்சுக் கோளாறை எப்படியெல்லாம் சொல்வார்கள் என்று கேட்டார். அடைக்குது, அழுத்துது, கனமா இருக்கு, பிசையுது, ஒரு மாதிரி இருக்கு என்று சொன்னேன். ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். வலி இல்லை என்று போட்டாலும் கீழே உள்ள கேள்விகள் வருகிற மாதிரி நிரலைத் திருத்தினார்கள். இனிப்பு நீர் உள்ள பெண்களுக்குத் தனியாகக் கணக்கு வைத்தார்கள். பிறகு ஒருநாள், அக்காவின் பதில்களை மறுபடியும் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். ‘ஆபத்து அதிகம்’ என்று வந்தது. டாக்டர் மேசையைத் தட்டினார். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஆராய்ச்சி முடிவுகளைச் சொல்ல ஆயர் குரோவில் ஒரு பெரிய ஹோட்டலில் கூட்டம் வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்தும் டாக்டர்கள் வந்திருந்தார்கள். எனக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படம் காட்டிப் பேசினார் டாக்டர். நிறையப் புள்ளிகள் போட்ட ஒரு படம். அதில் தனியாக விலகி நின்ற ஒரு புள்ளியைச் சிவப்பு ஒளியால் சுட்டினார். இந்தியப் பெண், ரப்பர் தோட்டத் தொழிலாளி, நிரல் தவறவிட்ட நோயாளி என்றார். இந்த ஒரு பிழையிலிருந்துதான் நிரல் அதிகம் கற்றுக்கொண்டது, இது எங்களுக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பிழை என்றார். கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டினார். நான் அந்தக் குழுவைச் சேர்ந்தவள் என்று அட்டையில் எழுதியிருந்ததே.

தேநீர் நேரத்தில் டாக்டர் என்னைத் தேடி வந்தார்.

“உங்கள் அக்காவால் இனி எத்தனையோ பேர் பிழைப்பார்கள். அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.”

அவர் உண்மையாகவே ஆறுதல் சொல்லத்தான் வந்தார். ஆனாலும் கேட்டேன்.

“டாக்டர், அன்னைக்கு ஒரு இ.சி.ஜி. எடுத்திருந்தா?”

அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கலக்கினார். “எடுத்திருந்தால் தெரிந்திருக்கலாம்,” என்றார். “ஆனால் ஆராய்ச்சி விதிப்படி…”

“அந்த விதிய யாரு போட்டது?”

“நாங்கள்தான்.”

கோப்பையைப் பக்கத்து மேசையில் வைத்தார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரோ அவர் தோளைத் தொட்டு, கையைக் குலுக்கி, அழைத்துக்கொண்டு போனார்கள்.

ஆராய்ச்சிக்குக் கொடுத்த காலம் முடிந்தது. டாக்டர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நிரலும் அவரோடு போயிற்று, அது அந்தப் பல்கலைக்கழகத்தின் சொத்தாம். பெட்டி மட்டும் அறையில் இருந்தது. நர்சுகள் அதில் யாருக்கு எந்த நேரம் வேலை என்று தட்டி வைத்தார்கள். எனக்குச் சான்றிதழ் ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். அதை வைத்து ஆயர் குரோவில் ஓர் எலக்ட்ரோனிக் தொழிற்சாலையில் சேர்ந்தேன்.

ஆறேழு வருஷம் கழித்து, தொழிற்சாலை கேண்டீனில் கிடந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் டாக்டரின் படத்தைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அவருடைய நிரலை அந்த நாட்டு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவில் வைத்திருக்கிறார்களாம். பெண்களின் மாரடைப்பையும் தவறவிடாமல் கண்டுபிடிப்பதில் கெட்டிக்கார நிரல் என்று எழுதியிருந்தார்கள். மலாக்காவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அக்கா பார்த்த அதே வெளிநோயாளிகள் கூடத்தில், அதே ஒற்றை இ.சி.ஜி. இயந்திரத்துக்கு அதே வரிசைதான் அன்றும் நின்றது.

விடுமுறைக்கு எஸ்டேட்டுக்குப் போனபோது அதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருந்தார்கள். மாமா அதே டிராக்டரில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

“இங்க எப்ப கொண்டாருவாங்களாம்?”

“போடல மாமா.”

பத்திரிகையை வாங்கிப் படத்தைப் பார்த்தார். “நல்ல மனுசன்தான். நல்லா இருக்கட்டும்,” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “எப்படி மாமா உங்களால அப்படிச் சொல்ல முடியுது?” என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் உள்ளேயிருந்து ஓடி வந்தார்கள். மாமா பத்திரிகையை மடித்து என்னிடம் நீட்டினார். பெரியவள் சமைத்து வைத்திருந்த சோற்றைச் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு மாமாவிடம் எத்தனையோ பேசியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்காக மட்டும் அவர் மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.